பரணுக்கும் காற்று வேண்டும்

நம் கிராமங்களின் ஓட்டு வீடுகள் பலவற்றில் பரண் உண்டு. விதையும் தானியமும் அங்கே வைக்கப்படுவதுண்டு. ஆயினும் பரணுக்குக் காற்று வேண்டும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்ற மார்கழியில் சுற்றுப்பயணம் சென்ற ஊரில் ஒரு விவசாயியைக் கண்டேன். இறவைப் பட்டத்திற்கென ஐப்பசியில் அவர் பரணேற்றிய நிலக்கடலை, நன்கு உலர்த்திக் கட்டியதாயினும், பூஞ்சணம் படர்ந்திருந்தது. விதைத்ததில் பாதிகூட முளைக்கவில்லை. மறுவிதைக்குக் கடன் வாங்க நேர்ந்தது. கூரை ஒழுகுகிறதென்று இருமுறை ஓடு மாற்றியிருந்தார். குற்றம் ஓட்டில் இல்லை. எலிக்கு அஞ்சி, சுவருக்கும் கூரைக்கும் இடையிலிருந்த சந்துகளையெல்லாம் அவர் மண்ணால் அடைத்திருந்தார்.

அடுக்களை நீராவி வெப்பக் காற்றோடு எழுந்து பரணில் தங்குகிறது. வெப்பமான காற்று மிகுந்த ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. பின்னிரவில் ஓடு குளிரும்பொழுது அவ்வீரம் ஓட்டின் அடியில் நீர்த்துளியாகப் படிந்து, கைமரத்திலும் மூட்டையிலும் இறங்குகிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் நீடித்தால் மரம் உளுக்கத் தொடங்கும். நிலக்கடலைக் காயின் ஈரமோ நூற்றுக்கு 8 பங்கிற்கு மிகாதிருத்தல் நலம். பூஞ்சணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றும் நீங்காது. ஆகவே அதனை நாம் உண்பதும் மாட்டிற்கு இடுவதும் கூடாது.

காரணத்தை அறிவது எளிது. வைகறையில் பரணேறிக் கைமரத்தைத் தொட்டுப் பாருங்கள். மழையில்லாத நாளிலும் பரவலாக ஈரமிருந்தால் அது நீராவியின் வேலை. மழைக்குப் பின் ஓரிடத்தில் மட்டும் ஈரமிருந்தால் அது ஒழுக்கு.

செய்ய வேண்டியவை இவை:

1. இறவாணத்தை ஒட்டித் தாழ்வாகவும், முகட்டை ஒட்டி உயர்வாகவும் திறப்புகள் வைக்க வேண்டும். கீழ்வழியே புகும் காற்று மேல்வழியே ஈரத்தைக் கொண்டு செல்லும்.

2. எலி புகாதிருக்கத் திறப்புகளில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடிக்க வேண்டும்.

3. அடுக்களைப் புகைபோக்கி பரணில் முடியாமல் கூரைக்கு மேலே செல்ல வேண்டும்.

4. மூட்டைகளைச் சுவரினின்று ஓரடி தள்ளிப் பலகைமேல் அடுக்க வேண்டும்.

அவ்விவசாயி சந்துகளைத் திறந்து வலை அடித்தார். தை மாதத்தில் நான் மீண்டும் சென்றபொழுது கைமரங்கள் உலர்ந்திருந்தன. கெட்ட விதை மட்டும் மீளவில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே தங்கள் இல்லப் பரணை முதலில் சீர்செய்து காட்டுவார்களாயின், ஊரார் தாமே பின்பற்றுவர். வலையின் செலவு சிறிது. அது காக்கும் விதையோ அடுத்த பட்டத்தின் வாழ்வு.