கள்வருக்கு எல்லை இல்லை. காவலுக்கு மட்டும் ஏன்?

கன்னக்கோல் ஏந்திக் கள்வன் வந்த காலம் உண்டு. சுவரிலே துளையிடுவான், நாய் குரைக்கும், ஊர் விழிக்கும். இன்று வருகிறவனுக்குக் கன்னக்கோலும் வேண்டாம், காரிருளும் வேண்டாம். பட்டப்பகலில், பாட்டாளியின் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியிலே மணியடித்து அழைக்கிறான். "போலீஸ் பேசுகிறேன், உன்னைக் கைது செய்துவிட்டேன்" என்கிறான். அஞ்சியவர், ஆண்டெல்லாம் சேர்த்ததை அரை மணியில் இழக்கிறார்.

எங்கிருந்து பேசுகிறான்? தென்கிழக்கு ஆசியாவைப் பாருங்கள், தோழர்களே! வானளாவும் மாளிகைகள், வளர்ந்தோங்கும் வணிகம்! அந்த வெளிச்சத்தின் நிழலிலே, கம்போடியாவின் சிகானுக்வில்லிலும் மியான்மரின் மியாவாடியிலும் மோசடிக் கொட்டடிகள்! கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2023இல் மட்டும் மக்கள் பறிகொடுத்தது 1,800 கோடி முதல் 3,700 கோடி டாலர் வரை என மதிப்பிட்டது, ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம்.

பேசுகிறவனாவது வாழ்கிறானா? பலர் அங்கே அடிமைகள்! மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேர் இவ்வாறு சிக்கியிருக்கக்கூடும் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூறியது. கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்ற சொல்லை நம்பித் தாய்லாந்து போன நம் இளைஞர்களும் எல்லை கடத்தப்பட்டு மியாவாடியில் அடைபட்டனர். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு வந்தனர். ஏமாந்தவனும் ஏழை, ஏமாற்ற ஏவப்பட்டவனும் ஏழை! கொழுப்பவன் எவன் என்று கேட்கிறோம்.

பேச்சு ஒரு நாட்டில், பணம் மறு நாட்டில், தலைவன் மூன்றாம் நாட்டில். தனியொரு நாட்டுக் காவலர் என்ன செய்ய முடியும்? 2025 பிப்ரவரியில் தாய்லாந்து, எல்லைக்கு அப்பால் அந்தப் பகுதிகளுக்குச் சென்ற மின்சாரத்தை நிறுத்தியது. பல நாட்டார் ஆயிரக்கணக்கில் விடுபட்டனர். ஆனால் ஓரிடத்தில் கதவடைத்தால் வேறிடத்தில் கடை திறக்கிறான் கயவன். ஆகவேதான் கூட்டு வேண்டும் என்கிறோம். 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை இணையக் குற்றத்துக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோயில் நாடுகள் கையொப்பமிட்டன. மின்னணுச் சான்றுகளை நாடுகள் பகிர்ந்துகொள்ள அது வழி சொல்கிறது. வரவேற்கிறோம், ஆனால் கள்வனைப் பிடிக்கச் செய்த விலங்கு, கருத்துரைப்பவன் கையில் பூட்டப்படக் கூடாது என்றும் எச்சரிக்கிறோம்.

உடன்படிக்கை ஊருக்கு வரும்வரை உறங்குவதா? ஆலை வாயிலில் சொல்லுங்கள், படிப்பகத்தில் சொல்லுங்கள்: தொலைபேசியிலே கைது செய்யும் சட்டம் இந்நாட்டில் இல்லை! பணம் போனால் வெட்கப்பட்டு ஒளியாதீர். உடனே 1930ஐ அழையுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அன்று ஒரு குரல் கேட்டு ஊரே விழித்தது. இன்று நாம் குரல் கொடுப்போம், நாடுகள் விழிக்கட்டும்!