நோர்டிக் நாடுகளில் விந்தகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: போக்குகளும் வட்டார வேறுபாடுகளும்

முன்னுரை

விந்தகப் புற்றுநோய் பெரும்பாலும் 15 முதல் 40 வயதிற்குட்பட்ட ஆண்களைத் தாக்குவது. உலக அளவில் அரிதான இந்நோய் நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் மிகுந்தும், அதே நோர்டிக் பகுதியைச் சேர்ந்த பின்லாந்தில் நெடுங்காலம் குறைந்தும் காணப்பட்டது. இந்நோய்க்கான அறுவை சிகிச்சை வீதங்கள் எதை உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை அறுவைகள்

முதல்வகை, நோயுற்ற விந்தகத்தை அகற்றுவது. நோயை உறுதிசெய்வதும் நீக்குவதும் இதுவே ஆதலால், ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் இது செய்யப்படுகிறது. எனவே இதன் வீதம் நோயின் வீதத்தையே காட்டும். இரண்டாம்வகை, வயிற்றின் பின்புறத்து நிணநீர்க் கணுக்களை அகற்றுவது. இது சிலருக்கே தேவைப்படுவதால், இதன் வீதம் மருத்துவ நெறிமுறையைச் சார்ந்து மாறும்.

காலப்போக்கு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய் பெருகியதால் முதல்வகை அறுவையின் தேவையும் பெருகியது. ஆயினும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிறந்த டென்மார்க் ஆண்களிடம் நோய் குறைந்திருந்தது. நோயின் வேர் கருப்பருவத்திலோ குழந்தைப் பருவத்திலோ இருக்கக்கூடும் என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

இரண்டாம்வகை அறுவையின் போக்கு வேறானது. 1970களில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் கூட்டு மருந்துச் சிகிச்சையை நிறுவியபின், பரவிய நோயும் குணமாகத் தொடங்கியது. தொடக்கநிலை நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தாலே போதும் என்னும் நிலையும் உருவானது. இதனால் ஐரோப்பாவில் தொடக்கநிலையில் கணுக்களை அகற்றுவது குறைந்தது. மருந்துக்குப்பின் எஞ்சும் கட்டிகளுக்கு இவ்வறுவை இன்றும் இன்றியமையாதது.

வட்டார வேறுபாடுகள்

பின்லாந்திலிருந்து சுவீடனில் குடியேறியோரிடம் தாயகத்தின் குறைந்த நோய்வீதமே நீடித்தது. சுவீடனில் பிறந்த அவர்தம் மைந்தர்களின் வீதம் சுவீடன் மக்களுடையதை ஒத்திருந்தது. ஆகவே வேறுபாட்டை மரபணுவால் மட்டும் விளக்க இயலாது. இளமைச் சூழலுக்கும் அதில் பங்குண்டு.

இரண்டாம்வகை அறுவையில் நரம்புகள் சிதைந்தால் விந்து வெளியேறும் ஆற்றல் குன்றும். இளைஞர்களின் மகப்பேற்று வாய்ப்போடு தொடர்புடைய இத்தகைய அறுவைக்குத் தேர்ந்த கைகள் வேண்டும். சுவீடனும் நார்வேயும் 1981 முதல் பொதுச் சிகிச்சை நெறிமுறைகளை வகுத்ததோடு, இவ்வறுவையைச் சில மருத்துவமனைகளில் குவித்தன.

முடிவுரை

அறுவைகளை மருத்துவமனை அமைந்த இடத்தின்படி கணக்கிட்டால், மையம் உள்ள வட்டாரத்தில் வீதம் பொய்யாக உயர்ந்து தோன்றும். நோயாளியின் வாழிடத்தைக் கொண்டும், இருவகை அறுவைகளைப் பிரித்தும் கணக்கிடும்போதே வட்டார ஒப்பீடு பொருளுடையதாகும்.