புது பேட்டரி வாங்குமுன் ஒரு டீ

பைக்கில் செல்ஃபை அழுத்தினால் இன்ஜின் சுற்றாமல் ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. ஹாரன் முனகுகிறது. இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கு மங்குகிறது. உடனே பேட்டரிக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். புது பேட்டரி ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு வைக்கும்; எது பழுது என்று தெரிந்துகொண்டு செலவழிப்போம்.

முதல் வேலை, அளந்து பார்ப்பது. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. அதை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு ஒயரைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள்; ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தரும். அதனால் முழு சார்ஜில் 12.6 அல்லது அதற்குச் சற்று மேலே காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் சார்ஜ். 12-க்குக் கீழே போனால் காலி.

காலியானதெல்லாம் கெட்டுப்போனதல்ல. இந்த இடத்தில்தான் பலர் வீணாகப் பணத்தை விடுகிறார்கள். சாவியை ஆஃப் செய்ய மறந்திருக்கலாம். கூடுதலாகப் பொருத்திய விளக்கோ ஜி.பி.எஸ். கருவியோ ராத்திரியெல்லாம் கரண்டை உறிஞ்சியிருக்கலாம். முழுதாக சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி விட்டுவைத்து மறுபடி அளந்து பாருங்கள். 12.6-லேயே நின்றால் நம்பிக்கை உண்டு. அடுத்து, செல்ஃபை அழுத்தியபடியே மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் வலு போய்விட்டது. மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரிக்கு இதுதான் கதி. தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது.

இன்னொரு சோதனை பாக்கி. இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்குங்கள். மீட்டர் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் ரெக்டிஃபையர், மேக்னெட் காயில், ஒயரிங் இவற்றில் ஏதோ ஒன்றில் பழுது. அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும். 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி பேட்டரி சூடாகிறது. அதுவும் சீக்கிரம் போய்விடும்.

பேட்டரிதான் போயிருக்கிறது என்று உறுதியானபின் கடைக்குப் போகலாம். பழைய பேட்டரியின் மேல் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர்-அவர், மாடல் நம்பர் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் அதில் தெரியட்டும். பக்கம் மாறினால் ஒயர் எட்டாது. கூடுதல் ஆம்பியர் நல்லது என்று பெரியதை வாங்கினால் பெட்டியில் உட்காராது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் எஃப்.ஐ., அதாவது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்; பெட்ரோல் பம்புக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். பல மாடல்களில் கிக்கரே கிடையாது. ஆகவே கம்பெனி சொன்ன அளவுக்குக் குறைந்ததை மலிவு என்று வாங்கக் கூடாது.

கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். அலமாரியில் கிடக்கும் பேட்டரியும் தானாகவே சார்ஜ் இழக்கும். சில மாடல்களில் ஆசிட் தனியாக வரும். அதை ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டித் தர விடாதீர்கள். தகடுகள் ஆசிட்டை உறிஞ்ச அரை மணி நேரமாவது ஆக வேண்டும். பிறகு அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 5 ஆம்பியர்-அவர் என்றால் அரை ஆம்பியரில், நிதானமாக முதல் சார்ஜ் ஏற வேண்டும். பேட்டரியின் ஆயுளே இந்த முதல் சார்ஜைப் பொறுத்தது. வாரண்டி கார்டில் தேதியும் முத்திரையும் இருக்கட்டும்.

மாட்டுவது கடினமல்ல. சாவியை ஆஃப் செய்து, முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றுங்கள். வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றினால், ஸ்பேனர் சட்டத்தில் பட்டதும் பொறி பறக்கும். மாட்டும்போது இதற்கு நேர்மாறு: முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். டெர்மினலுக்குள் இருக்கும் சின்னச் சதுர நட்டு கீழே இறங்கிவிட்டால் போல்ட் பிடிக்காது. அதன் அடியில் மடித்த காகிதம் ஒன்றைச் செருகினால் மேலே நிற்கும். இறுக்கியபின் டெர்மினலில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள், பச்சை பூக்காது. ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபியூஸோடு நிற்காமல் ரெக்டிஃபையரும் போகலாம். இரண்டு முறை பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பழைய பேட்டரியில் ஈயமும் ஆசிட்டும் இருக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. பேட்டரியைக் குப்பையோடு சேர்க்கக் கூடாது என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன. உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் போட்டுவிடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். விலையிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.