தாய்மடி விட்டு வரும் நாள் எது?

ஓணத்திற்கு முந்தைய வாரங்களிலும் பள்ளி விடுமுறைக் காலத்திலும் திருவனந்தபுரத்துக் கைப்பேசித் திரைகளில் ஒருவகை விளம்பரம் பெருகிவிடும். உள்ளங்கையில் அடங்கும் பஞ்சுப் பொதி போன்ற நாய்க்குட்டியின் படம். அதன் கீழே இனத்தின் பெயர், விலை, ‘35 நாள் குட்டி, உடனே கிடைக்கும்’ என்ற வரி. விலையைப் பற்றி நாம் எல்லோரும் கேட்கிறோம். அந்த 35 நாள் என்ற எண்ணைப் பற்றிக் கேட்போர் சிலரே. அக்குட்டி அடுத்த பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் நம் வீட்டில் எப்படி வாழப்போகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த எண்தான்.

கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சாலைக் கடைத்தெருவில் கடைக்கு மேலேயே குடியிருப்பு. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஊழியர்களுக்கான அடுக்குமாடிகள். இத்தகைய இடங்களில் வாழ்வோர் பக், ஷி சூ, டாக்ஸ்ஹண்ட், பொமரேனியன் எனப் பொதுவாக அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் ஆகிய சிறிய இனங்களை நாடுவது இயல்பே. 2003-இல் ஹட்ச் நிறுவன விளம்பரத்தில் சிறுவனைப் பின்தொடர்ந்து ஓடிய பக், நாடெங்கும் அவ்வினத்தின் மீது பெருவிருப்பத்தை ஏற்படுத்தியது நினைவிருக்கலாம். ஆனால் உருவம் சிறியது என்பதால் பொறுப்பும் சிறியதாகிவிடுவதில்லை.

சட்டம் வகுத்த எல்லை

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொணர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக விளங்கியவரும் அவரே. அச்சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான விதிகள் 2017-இல் வெளியாயின. எட்டு வாரம், அதாவது 56 நாள் நிறையாத குட்டியை விற்கலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். விற்கும் குட்டிக்கு வயதிற்கேற்ற தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் இடப்பட்டிருக்க வேண்டும். பெண் நாயை 18 மாதம் நிறையும் முன் ஈன வைக்கலாகாது. ஓராண்டில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது என்பனவும் அவற்றில் அடங்கும். ஆகவே 35 நாள் குட்டியைக் கூசாமல் விளம்பரம் செய்பவர், தாம் விதியை மீறுவதைத் தாமே அறிவிக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

அந்த எட்டு வாரத்தில் நிகழ்வது என்ன?

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேளாது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கண் திறக்கிறது. மூன்றாம் வாரத்தில் ஒலியை உணர்கிறது. பால் பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. மூன்று, நான்கு வாரத்தில் குழைத்த உணவை நக்கத் தொடங்கும் குட்டி, ஏழெட்டு வாரத்தில்தான் முற்றிலும் பால் மறக்கிறது. உடன்பிறப்புகளோடு உருண்டு புரண்டு கடித்து விளையாடும்போது, அளவு மீறிக் கடித்தால் எதிர்க்குட்டி கீச்சிட்டு விலகும். தாயும் உறுமி அடக்கும். எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம் என்ற பாடத்தைக் குட்டி கற்பது இந்தப் பள்ளியில்தான். பள்ளிக்கு முன்னரே பிரித்தெடுத்த குட்டி அப்பாடத்தை நம் குழந்தைகளின் விரல்களில் கற்க முற்படும்.

இதனை ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. 2011-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 140 நாய்களை ஒப்பிட்டனர். பாதி நாய்கள் 30 முதல் 40 நாள் வயதில் தாயைப் பிரிந்தவை. மறுபாதி இரண்டு மாதத்தில் பிரிந்தவை. முற்கூட்டியே பிரிந்தவற்றில் ஓயாத குரைப்பு, வெளியே நடக்கையில் அச்சம், ஓசைக்கு மிரளுதல், உணவையும் விளையாட்டுப் பொருளையும் விட்டுக்கொடாமை, பொருள்களைப் பாழாக்குதல் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. அடுக்குமாடியில் அண்டை வீட்டாருடன் மனக்கசப்பை உண்டாக்கி, இறுதியில் நாயைக் கைவிடச் செய்யும் குணங்களும் பெரும்பாலும் இவையே.

சிறிய இனத்திற்கு ஏன் கூடுதல் பொறுமை?

எட்டு வாரம் என்பது எல்லா இனத்திற்கும் பொதுவான குறைந்தபட்சம். மிகச் சிறிய இனங்களின் குட்டிகளைப் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் பலர் பத்து, பன்னிரண்டு வாரம் வரை தம்மிடமே வைத்துக்கொள்வர். காரணம் எளியது. சின்னஞ்சிறு உடலின் கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை மிகக் குறைவு, செலவோ மிகுதி. ஒருவேளை உணவு தவறினாலும், நெடும்பயணத்தாலும், குளிராலும், புதிய இடத்தின் கலக்கத்தாலும் இரத்தச் சர்க்கரை சடுதியில் வீழ்ந்துவிடும். குட்டி சோர்ந்து தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைவாக உள்ளவருக்கு எதிர்பாராத ஒரு செலவு எத்தகையதோ, அத்தகையது இக்குட்டிக்கு ஒரு வேளைப் பட்டினி. பத்து வாரம் கடந்து, தானே நன்கு உண்டு எடை கூடிய குட்டி இவ்விடரை எளிதாகத் தாங்கும்.

ஆயினும், தாமதம் தன்னளவில் நன்மையாகிவிடாது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையே நாய்க்குட்டி மனிதரையும் உலகையும் தயக்கமின்றி ஏற்கும் பருவம் என நிறுவினர். அந்த வாரங்களைக் கூண்டுக்குள் கழித்த குட்டி, வயது கூடியதாயினும் மிரண்டே வளரும். எனவே கேள்வி இரண்டு: எத்தனை வாரம் ஆயிற்று? அந்த வாரங்கள் எங்கே, எவ்வாறு கழிந்தன? வீட்டினுள் மிக்சி ஓசையும் அழைப்புமணியும் கேட்டு, பலர் கைகளில் தவழ்ந்து பன்னிரண்டு வாரம் இருந்த குட்டி சிறந்தது. கூண்டில் இருந்ததாயின் எட்டு வாரம் நிறைந்ததும் அழைத்து வருவதே மேல். வாங்காதிருத்தல் அதனினும் மேல்.

விரைந்து விற்பதன் கணக்கு

வணிகம் பயின்ற நமக்கு இதன் காரணம் புரியாததன்று. நான்காம் வாரம் வரை குட்டிகளுக்கு உணவளிப்பது தாய். அதன்பின் தீவனச் செலவு விற்பவருடையது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, இரு வாரத்திற்கு ஒருமுறை குடற்புழு மருந்து, மைக்ரோசிப் எனச் செலவுகள் தொடர்கின்றன. 35 நாளில் விற்றுவிட்டால் இவை அனைத்தும் வாங்குபவர் தலையில் ஏறும். மேலும், வயது குறைந்த குட்டியைக் காட்டி, ‘இது டீகப் வகை, வளராது’ எனக் கூடுதல் விலை கேட்போரும் உண்டு. ஆகவே பத்து வாரக் குட்டியின் விலை சற்றுக் கூடுதலாக இருப்பின், அதனை நியாயமான செலவாகவே கருதலாம்.

வாங்குமுன் காண வேண்டியவை

தாய் நாயை நேரில், குட்டிகளோடு சேர்த்துப் பாருங்கள். பிறந்த தேதியை எழுத்தில் கேளுங்கள். உங்கள் முன்னிலையில் குட்டி உலர் உணவை மென்று உண்கிறதா என நோக்குங்கள். முன்பற்களும் கோரைப்பற்களும் வெளிப்படாத குட்டி மிக இளையது. தடுப்பூசி அட்டையில் மருந்தின் ஒட்டுச்சீட்டும் மருத்துவரின் கையொப்பமும் உள்ளனவா எனச் சரிபாருங்கள்.

பணம் செலுத்துவதில் விழிப்பு தேவை. படத்தை மட்டும் அனுப்பி முன்பணம் கேட்பதும், பின் போக்குவரத்துக் கட்டணம், காப்பீட்டுக் கட்டணம் எனத் தொடர்ந்து கறப்பதும் மோசடியாளரின் வழக்கம். குட்டியை நேரில் காணாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

வீட்டிற்கு வந்த முதல் வாரம்

நாகர்கோவிலிலிருந்து அழைத்து வந்தாலும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பயணம். புறப்படுமுன் சிறிது உணவு, மடியில் தாயின் வாசம் தோய்ந்த துணி, ஜூன் மழைக்காலமாயின் கதகதப்பான போர்வை ஆகியன வேண்டும். சில நாள்களுக்கு வளர்ப்பாளர் அளித்த உணவையே நாளொன்றுக்கு நான்கைந்து வேளை பிரித்துக் கொடுங்கள். குட்டி தள்ளாடினால் ஈறில் சிறிது குளுக்கோஸ் கரைசலைத் தடவி, உடனே மருத்துவரிடம் விரையுங்கள். குடப்பனக்குன்னில் அரசின் பல்துறைக் கால்நடை மருத்துவமனை உள்ளது.

பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதுவரை குட்டியின் பல் பட்டாலும் சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரை அணுகுவதே முறை. மாநகராட்சி உரிமத்திற்கும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

முன்பதிவு செய்த குட்டியைச் சில வாரம் தாயிடமே விட்டு, வாரந்தோறும் பிள்ளைகளோடு சென்று கண்டு வாருங்கள். அக்குட்டி உங்கள் குரலை அறியும். உங்கள் பிள்ளைகள் காத்திருத்தலை அறிவர். பன்னிரண்டு ஆண்டு உறவுக்கு நான்கு வாரப் பொறுமை பெரிய விலையன்று.