மலரும் புள்ளும் ஒளிப்படமும்

பெரம்பலூர், அரியலூர் என்பன தமிழ்நாட்டின் நடுவிடத்தே அமைந்த இரு மாவட்டங்கள். முன்னர் இவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தன. மேற்கே பச்சைமலையும், தெற்கே கொள்ளிடமும், இடையே மானாவாரிக் கொல்லைகளும் ஏரிகளுமாகப் பரந்துள்ள இப்பகுதியை, அயலூரார் பலர் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் உரிய இடமாக மட்டுமே அறிவர். ஒரு சிலர் சாத்தனூர்க் கல்மரத்தையும் அறிவர். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, கடலடி மண்ணிற் புதைந்து கல்லாகிய அம்மரம் 18 மீட்டர் நீளம் உடையது. அஃது ஊசியிலை மரங்களின் இனத்தைச் சார்ந்தது. ஆதலின் பூத்தலை அறியாதது.

அக்கல்மரத்தைக் காணச் செல்வோர் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அவ்வூர்ச் சாலையோரத்திலும் வேலியோரத்திலும் உயிரோடு பூத்து நிற்கும் ஆவிரையை நின்று நோக்குவார் அரியர். நோக்கினால் அதில் வியப்புப் பல உண்டு. ஆவிரம்பூவின் மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே அளவின அல்ல. சிறியன சில, நீண்டன சில. கருவண்டு ஒன்று பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிர்க்கும்பொழுது தாள்களிலிருந்து மகரந்தம் உதிர்கின்றது. சிறு தாள்களின் மகரந்தம் பெரும்பாலும் வண்டுக்கு உணவாகும். நீண்ட தாள்களின் மகரந்தம் வண்டின் உடலில் ஒட்டி அடுத்த பூவைச் சேரும். விருந்தினர்க்கு ஒரு பங்கும் தன் குடிக்கு ஒரு பங்குமாக அப்பூ பகுத்து வைத்துள்ளது. வண்டு வந்து அமரும் அந்நேரத்தில் எழும் ஓசையைக் காதாற் கேட்கலாம்.

பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் பருத்தி மிகுதியாகப் பயிராகின்றது. பருத்தியைப் பஞ்சாகக் கண்டவர் பலர். பூவாகக் கண்டு நின்றவர் சிலரே. இன்று பெரிதும் பயிரிடப்பெறும் பருத்தியின் பூ, காலையில் வெண்மஞ்சளாக அலர்கின்றது. மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பாகித் தளர்கின்றது. ஒரே செடியில் வெண்மலரும் செம்மலரும் கலந்து நிற்பதைக் கண்டு, இருவகைப் பூக்கள் என்று மயங்குவாரும் உளர். முதல் நாட் காலையில் ஒரு படமும், மாலையில் ஒரு படமும், மறுநாள் ஒரு படமும் அதே பூவை எடுத்து அருகருகே வைப்பின், அம்மயக்கம் தானே நீங்கும். ஒளிப்படக் கருவி கற்பிக்கும் பாடங்களுள் இஃது ஒன்று. கண் மறந்துவிடும் சிறு மாற்றத்தையும் அது மறவாது வைத்திருக்கும்.

பூவை உற்றுநோக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியது அன்று. நிலத்தையும் ஒழுக்கத்தையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று வகுத்துப் பெயரிட்ட முன்னோர், போர்த்துறைகளுக்கும் வெட்சி, வஞ்சி, தும்பை, வாகை எனப் பூக்களின் பெயரையே சூட்டினர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கி உரைக்கப்பெற்றுள்ளன. அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவர், தம் வீட்டுக் கொல்லையில் முளைத்துள்ள தும்பையை இன்னதென்று காட்ட அறியாது நிற்பது வருந்தத்தக்கது. எதிரெதிர் நின்று பொரும் பெரும்போரில் வீரர் சூடியதாகச் சொல்லப்பெறும் பூ, நகத்தின் அளவே உள்ள வெண்ணிறப் பூ. அதனை நின்றபடியே குனிந்து படம் எடுப்பின் பசுமையினிடையே ஒரு வெண்புள்ளியே தோன்றும். தரையில் அமர்ந்து, பூவின் மட்டத்திற்குக் கருவியைத் தாழ்த்தினாலன்றி அதன் உதடு போன்ற இதழமைப்புப் புலனாகாது. வெண்ணிறப் பூக்களை உச்சிவெயிலிற் படம் எடுத்தலும் பயன் தராது. இதழின் மடிப்பும் நரம்பும் ஒளியில் மறைந்துவிடும். வெயில் ஏறாத காலையே அதற்கு ஏற்ற பொழுது. அப்பொழுது காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

தமிழ்நாட்டின் மாநிலமலராகிய செங்காந்தளையும் இங்குக் காணலாம். அரியலூர் மாவட்டத்தின் செயங்கொண்டம் பகுதியில் உழவர் அதனைக் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரால் விதைக்காகப் பயிரிடுகின்றனர். மருந்துக்கு உதவும் பொருள் அதில் உண்டு. ஆயின் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. ஆகவே பறித்துக் கையாளாமல் கொடியில் இருக்கும்பொழுதே கண்டு மகிழ வேண்டும். பசுமை கலந்த மஞ்சளாக விரியும் அப்பூ நாள்தோறும் சிவப்பேறி முடிவில் முழுதும் செந்நிறம் கொள்கின்றது. இதழ்கள் மேல்நோக்கி மடிந்து தீக்கொழுந்து போல் நிற்க, சூல்தண்டு மட்டும் ஒருபக்கமாக மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே பெறுதல் அரிது. உழவர் காலையில் கொல்லையில் நுழைந்து, பூப்பூவாகக் கையினால் மகரந்தத்தைத் தொட்டு வைக்கின்றனர். கொடியின் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்துள்ளதைப் பிடித்துக்கொள்வதும் படத்தில் அமையத்தக்க காட்சியே.

மலர் நின்ற இடத்தில் நிற்கும். பறவை அவ்வாறு நில்லாது. பறவையைப் படம் எடுத்தல் ஒரு காலத்தில் நிகழாத செயலாகவே கருதப்பட்டது. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய பறவைக் கூடு ஒன்றைப் படம் எடுத்தனர். 1895இல் அத்தகைய படங்கள் நிறைந்த நூல் ஒன்றையும் வெளியிட்டனர். அக்காலத்துக் கருவியோ கனமானது; கண்ணாடித் தகட்டில் படம் பதியச் செய்வது. பறவைகள் மனிதரைக் கண்டு அஞ்சிப் பறந்தமையால், அவர்கள் எருதின் தோலை மரச்சட்டத்தின்மீது போர்த்துப் பொய்யெருது ஒன்று செய்து, அதனுள் ஒருவர் மறைந்திருந்து படம் எடுத்தனர். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரையை ஒத்த அவ்வுருவத்தைப் பறவைகள் மேயும் மாடென்றே எண்ணின போலும்!

தமிழகத்தில் இத்துறையில் பெரும்பெயர் பெற்றவர் மா. கிருஷ்ணன் ஆவார். அவர் 1912இல் பிறந்தவர். பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் மைந்தர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார். தமிழிலும் எழுதினார், அவருடைய தமிழ்க் கட்டுரைகள் பின்னர் மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரில் நூலாயின. பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றாய் இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். காட்டில் நடந்து சென்று யானையைப் படம் எடுத்த அவரே, சென்னையில் தம் வீட்டைச் சுற்றித் திரிந்த காக்கையையும் அணிலையும் பற்றி அதே அக்கறையோடு எழுதினார். அரசு 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. தொலைவில் உள்ள புலியே காணத்தக்கது, கொல்லையில் உள்ள ஓணான் காணத்தகாதது என்னும் எண்ணம் உடையார் அவருடைய எழுத்தைப் படித்தல் நலம்.

இக்காலத்தில் விலையுயர்ந்த கருவி இல்லாமலே தொடங்கலாம். வீட்டில் உள்ள கைப்பேசியே போதும். பொறுமைதான் விலைக்குக் கிடைப்பதில்லை. சாலையோர மின்கம்பியில் பனங்காடை அமர்ந்திருப்பதைப் பெரம்பலூர் வழியே செல்வோர் காணலாம். அமர்ந்துள்ள நிலையில் அது மங்கிய பழுப்பாகத் தோன்றும். பூச்சியைக் கண்டு கீழே பாயும்பொழுது சிறகு விரிய, நீலமும் கருநீலமும் மின்னலெனத் தோன்றி மறையும். கம்பிக்குத் திரும்பிவருவது அதன் இயல்பு. துரத்திச் செல்வோர்க்கு அதன் முதுகே கிடைக்கும். ஓரிடத்தில் அசையாது காத்திருப்போர்க்குச் சிறகின் நீலம் கிடைக்கும்.

கிணற்றின்மேல் சாய்ந்த முள்மரத்திலும் பனையோலையிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை அறியாதார் இலர். ஆயின் அவற்றைக் கட்டுவது ஆண்பறவை என்பதைப் பலர் அறியார். நெல், கரும்பு, பனை ஆகியவற்றின் இலைகளை நாராகக் கிழித்து வந்து, கூட்டைப் பாதியளவு பின்னியபின் ஆண்பறவை சிறகடித்துப் பெண்பறவையை அழைக்கும். பெண்பறவை வந்து ஆராய்ந்து ஏற்றுக்கொண்டாலன்றிக் கூடு முற்றுப்பெறாது. ஏற்கப்படாத கூடுகள் பாதியளவிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். சில நாள் தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்களில் இவ்வேலையின் வளர்ச்சி முழுவதையும் காணலாம்.

கூட்டைப் படம் எடுக்க விரும்புவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முன்னே மறைக்கும் ஒரு சிறு கிளையை ஒடித்தால் படம் தெளிவாக அமையும் என்று எண்ணி ஒடித்துவிடுவோர் பலர். தையற்சிட்டும் தேன்சிட்டும் அக்கிளையின் மறைவை நம்பியே அங்குக் கூடு வைத்தன. மறைவு நீங்கியதும் வெயில் நேரே குஞ்சுகளின்மேல் விழுகின்றது. காக்கையும் வல்லூறும் கூட்டைக் கண்டுகொள்கின்றன. மனிதர் அருகில் நிற்குந்தோறும் தாய்ப்பறவை இரையை அலகில் ஏந்தியவாறே எட்ட நின்று தவிக்கும். நெடுநேரம் நின்றால் கூட்டையே துறந்துவிடுதலும் உண்டு. படம் எடுத்தவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார். பின்னர் அங்கே நிகழ்ந்தது அவர் படத்தில் இடம்பெறுவதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் அழித்தலைக் குற்றமாக வகுத்துள்ளது. ஆயின் கிளையொடிக்கும் கையைச் சட்டம் எந்நேரமும் கண்காணிக்க இயலாது. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை விட்டு விலகி நிற்பதே நல்ல ஒளிப்படக்காரர் கைக்கொள்ளும் வழக்கம். அதனால் சில படங்களை இழக்க நேரினும் அவர் அதனை இழப்பாகக் கருதார்.

பறவைகளைப் பெருந்தொகையாகக் காண விழைவோர் அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்குச் செல்லுதல் வேண்டும். ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ராம்சர் ஒப்பந்தப்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. அது வேலியிட்டுத் தனித்து வைத்த நீர்நிலை அன்று. மேட்டூரிலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீரும் வடகிழக்குப் பருவமழையும் அதனை நிரப்ப, சுற்றியுள்ள ஊர்களின் நெல்லும் கரும்பும் அந்நீரால் விளைகின்றன. உழவர்க்கென வெட்டிய ஏரியில் உழவரும் பறவைகளும் பங்காளிகளாய் வாழ்கின்றனர். நாரை, நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான் ஆகியவற்றோடு, குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து ஊசிவால் வாத்தும் கிளுவையும் வந்து சேர்கின்றன.

அவற்றுள் தனிச்சிறப்புடையது வரித்தலை வாத்து. வெண்ணிறத் தலையின் பின்புறத்தே இரண்டு கரிய பட்டைகள் இருத்தலால் அப்பெயர் பெற்றது. மங்கோலியா, திபெத்து முதலிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து தெற்கே வருவது. 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் அது பறந்ததை ஆராய்ச்சியாளர் கருவிகளைக் கொண்டு அளந்துள்ளனர். காற்றில் உயிர்வளி குறைந்த அவ்வுயரத்தில், சிறிதளவு உயிர்வளியையும் விரைந்து பற்றும் ஆற்றல் அதன் குருதிக்கு உண்டு.

இவ்வளவு தொலைவு வந்த பறவைகள் பகலில் நீரிலும் கரையிலும் ஓய்வு கொள்கின்றன. திரும்பிச் செல்லும் வழிக்கு வேண்டிய கொழுப்பை இங்கு மேய்ந்தே உடலிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். பறக்கும் காட்சி வேண்டுமென்று கைதட்டியும் கல்லெறிந்தும் அவற்றை எழுப்புவோர், அச்சேமிப்பில் ஒரு பங்கைப் பறித்துவிடுகின்றனர். காத்திருந்தால் அவை மாலையில் மேய்ச்சலுக்குத் தாமே எழும். அப்பொழுது ஒளியும் மென்மையாய் இருக்கும்.

கரையில் நின்று தொலைவிலிருந்து எடுத்த படமும் சிலவேளை பெரும்பயன் தரும். மங்கோலியாவில் இவ்வாத்துகள் சிலவற்றின் கழுத்தில் எண்ணெழுதிய பட்டையை அணிவித்து விடுகின்றனர். எங்கோ ஓர் ஏரியில் எவரோ எடுத்த படத்தைப் பெரிதாக்கி அவ்வெண்ணைப் படித்தறிந்தால், அப்பறவை எங்கிருந்து புறப்பட்டு எங்கு வந்தது என்பது துணிபாகும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பும் நடந்து வருகின்றது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவுசெய்தல் அதன் முறை. ஏரிக்கரைதான் வேண்டும் என்பதில்லை. பள்ளி வளாகத்திலும் வீட்டு மாடியிலும் எண்ணலாம். இனம் தெரியாத பறவையாயின் ஒரு படம் எடுத்து, அறிந்தோரிடம் காட்டித் தெளியலாம். படத்தோடு நாள், நேரம், ஊர், பறவை அப்பொழுது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. பட்டையணிந்த வாத்தாயினும் கொல்லையிற் கண்ட தவிட்டுக்குருவியாயினும், இக்குறிப்புகள் இல்லாத படத்தைக் கொண்டு ஆராய்ச்சியாளர் எதனையும் துணிய இயலாது.