ஒரு வேளை சோற்றுக்கு இங்கிலீஷ் பாடம்! ஜப்பானில் நடுத்தெருவுக்கு வந்த வெளிநாட்டு வாத்தியார்கள்

ஜப்பானில் ஒசாகா நகரம். அங்கே நம்பா என்ற கடைத்தெரு வட்டாரம். ஒரு கட்டிடத்தின் 20-வது மாடி. 2007-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் அந்த மாடியைத் திறந்து பத்திரிகைக்காரர்களை உள்ளே விட்டார்கள். திறந்து காட்டியவர்கள், கோர்ட்டு நியமித்த பொறுப்பாளர்கள்.

அது ஒரு கம்பெனி அதிபரின் அறை. அறையா அது? சுமார் 3500 சதுர அடி! இரட்டைக் கட்டில் போட்ட படுக்கை. நீராவிக் குளியலுக்குத் தனி இடம். ஜப்பானிய முறைப்படி தேநீர் அருந்த இன்னொரு இடம்.

அதே நாட்களில், அதே கம்பெனி வாத்தியார்கள் பலருக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. கையில் சம்பளம் இல்லை. "ஒரு வேளை சாப்பாடு போடுங்கள், இங்கிலீஷ் சொல்லித் தருகிறோம்" என்ற நிலைமை!

கம்பெனியின் பெயர் நோவா. தொழில், இங்கிலீஷ் பேசக் கற்றுக் கொடுப்பது. நம்ம ஊர் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' கிளாஸ் மாதிரிதான். ஆனால் அளவு வேறே. ஜப்பான் முழுக்க 900-க்கும் மேற்பட்ட கிளைகள். சுமார் 4 லட்சம் மாணவர்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று பல நாடுகளில் இருந்து சுமார் 4 ஆயிரம் வாத்தியார்கள். விளம்பரத்தில் பறவை அலகு வைத்த ஒரு இளஞ்சிவப்பு முயல். கிளைகள் எல்லாம் ரெயில் நிலையத்துப் பக்கத்திலேயே. "ஸ்டேஷன் வாசலிலேயே வெளிநாட்டுப் படிப்பு" என்பதுதான் அவர்கள் விளம்பர வாசகம்.

1981-ம் ஆண்டு இதைத் தொடங்கியவர் நொசோமு சகாஷி. அந்த 20-வது மாடி அறைக்குச் சொந்தக்காரர் இவர்தான்.

40 நிமிஷக் கணக்கு

வாத்தியார் வேலை எப்படி? ஒரு பாடம் 40 நிமிஷம். மேஜையைச் சுற்றி அதிகபட்சம் 4 பேர். பாடம் முடிந்ததும் 10 நிமிஷ இடைவேளை. அதற்குள் முடிந்துபோன மாணவரின் பைலில் குறிப்பு எழுத வேண்டும், அடுத்து வருகிறவரின் பைலைப் பார்க்க வேண்டும், என்ன பாடம் என்று முடிவு பண்ண வேண்டும். அதற்குள் மணி அடித்துவிடும். இப்படி ஒரு நாளைக்கு 8 பாடம். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் மாணவர்கள் என்பதால் ராத்திரி 9 மணி வரை வேலை நீளும்.

வகுப்புக்கு வெளியே மாணவர்களோடு பழகக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வேறு. ஊரே புதுசு, பாஷையும் புதுசு. பேசக் கிடைக்கிற ஆள் மாணவன்தான். அவனோடு ஒரு டீ குடித்தாலும் தப்பு! இது மனித உரிமைக்கு விரோதம் என்று ஒசாகா வக்கீல் சங்கம் 2004-ம் ஆண்டில் கண்டித்தது.

சம்பளம்? மாதம் இரண்டரை லட்சம் யென் என்பது அன்றைய விளம்பரங்களில் வழக்கமான தொகை. நம் காதுக்குப் பெரிசாகத்தான் கேட்கும். ஜப்பான் விலைவாசியில் தனி ஆள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

இனிமேல்தான் விஷயம். இந்தத் தொழிலில் பல கம்பெனிகள் கொடுத்த ஒப்பந்தத்தில் வேலை நேரம் வாரத்துக்கு 29½ மணி என்று எழுதி இருக்கும்.

"அதென்ன அரை மணி நேரக் கணக்கு?" என்று கேட்கிறீர்களா? முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் நாலில் மூணு பங்கு வேலை செய்கிறவரை மருத்துவ இன்சூரன்சிலும் பென்ஷனிலும் கம்பெனி சேர்த்தாக வேண்டும் என்பது ஜப்பான் விதி. முழு நேரம் 40 மணி என்றால், நாலில் மூணு 30 மணி. சந்தாவில் பாதி முதலாளி கட்ட வேண்டும். அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கத்தான் அரை மணியைக் கழித்தார்கள்!

வாத்தியார்களிலும் சிலர் இதை விரும்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மீதிப் பாதி அவர்கள் சம்பளத்தில் இருந்தல்லவா போகும்? இரண்டு வருஷத்தில் ஊருக்குத் திரும்பப் போகிற 23 வயதுப் பையனுக்குப் பென்ஷன் எதற்கு என்று நினைத்தார்கள். அங்கேயே கல்யாணம் பண்ணிக் கொண்டு, 20 வருஷம் வேலை பார்த்தவர்கள்தான் பிற்பாடு கையைப் பிசைந்தார்கள்.

வீடும் கம்பெனி கையில்

வெளிநாட்டுக்காரருக்கு ஜப்பானில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஜாமீன் ஆள் வேண்டும், முன்பணம் வேண்டும், வீட்டுக்காரருக்குத் திருப்பித் தராத 'அன்பளிப்பு' வேறு வேண்டும். அதனால் கம்பெனியே வீடு பிடித்துக் கொடுத்தது. ஒரு வீட்டில் மூன்று பேர் வரை தங்குவார்கள். வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொள்வார்கள்.

விசாவுக்கும் வேலைதான் ஆதாரம். விசா கம்பெனியின் சொத்து அல்ல, வேறு இடத்தில் அதே வேலை செய்யலாம். ஆனால் தக்க காரணம் இல்லாமல் 3 மாதம் சும்மா இருந்தால் ரத்து செய்ய சட்டத்தில் இடம் உண்டு.

ஆக, சம்பளம், கூரை, விசா மூன்றும் ஒரே ஆணியில் தொங்கின.

ஆணி பிடுங்கிக் கொண்டது

நோவா ஓடியது முன்பணத்தில். சீட்டுக் கம்பெனி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். மாணவர் முதலிலேயே மொத்தமாகப் பணம் கட்டி 'பாயிண்டு' வாங்க வேண்டும். 600 பாயிண்டு வாங்கினால் ஒன்று 1200 யென். குறைவாக வாங்கினால் விலை கூடுதல். பாதியில் நிற்கிறவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீ படித்த பாடத்துக்கெல்லாம் சில்லறை விலை" என்று கணக்குப் போட்டு, கொஞ்சத்தைக் கையில் கொடுப்பார்கள்.

ஒரு மாணவர் கோர்ட்டுக்குப் போனார். 2007-ம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் சுப்ரீம் கோர்ட்டு, 'வாங்கிய விலைக்கே கணக்குப் போட வேண்டும்' என்று தீர்ப்பளித்தது. ஜூன் மாதம் அரசாங்கமும், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட புது ஒப்பந்தம் எதையும் 6 மாதத்துக்குப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. அவ்வளவுதான். புதுப் பணம் வருவது குறைந்தது. பழைய பணத்தைக் கேட்டு வரிசை நின்றது.

ஜப்பானிய ஊழியர்களின் சம்பளம் முதலில் தள்ளிப் போனது. செப்டம்பரில் வாத்தியார்கள் சம்பளமும் தாமதம். அக்டோபர் நடுவில் வர வேண்டிய சம்பளம் வரவே இல்லை. அதிபர் ஆளைக் காணோம். "சம்பளம் பிறகு வரும்" என்று கிளைகளுக்கு பேக்ஸ் மட்டும் வந்தது. அப்படியும் பலர் வகுப்புக்குப் போனார்கள். தானாக விலகினால் வர வேண்டியதும் வராதோ என்ற பயம்.

இதைவிடக் கொடுமை வாடகை. சம்பளத்தில் இருந்து மாதாமாதம் பிடித்த வாடகை வீட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை! வாடகை கட்டிய மனுஷன் வாசலிலேயே 'பாக்கி, காலி செய்' என்று கடிதம்.

அக்டோபர் 25-ந் தேதி ராத்திரி இயக்குனர்கள் கூடி சகாஷியைப் பதவியில் இருந்து நீக்கினார்கள். மறுநாள் காலை ஒசாகா கோர்ட்டில் மனு. நம் பாஷையில் மஞ்சக் கடுதாசி! கடன் 4300 கோடி யென்னுக்கு மேல். எல்லாக் கிளைகளுக்கும் பூட்டு.

சாப்பாட்டுக்குப் பாடம்

அப்போதுதான் தொழிற்சங்கம் அந்த ஏற்பாட்டைச் செய்தது. யாராவது சாப்பாடு போட்டால் பாடம் சொல்லித் தருவது. விளம்பரத்துக்காகச் செய்த வேலை என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் டிக்கெட் வாங்கக் காசு இல்லாமல் நின்றவர்களும் இருந்தார்கள். குவாண்டஸ் விமானக் கம்பெனி ஆஸ்திரேலிய வாத்தியார்களுக்குச் சலுகைக் கட்டணம் அறிவித்தது.

சிலர் ஊர் திரும்பினார்கள். சிலர் அரசாங்க வேலை வாய்ப்பு ஆபீசில் வரிசையில் நின்றார்கள். பூட்டிய கம்பெனியின் சம்பள பாக்கியில், ஒரு வரம்புக்கு உட்பட்டு 80 சதவீதத்தை அரசாங்கமே முன்னால் கொடுக்கும் திட்டம் ஜப்பானில் உண்டு. பலரைக் காப்பாற்றியது அதுதான். மாணவர்கள் முன்பணத்துக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. அவர்களுக்குப் பட்டை நாமம்.

நகோயாவைச் சேர்ந்த இன்னொரு கம்பெனி சில கிளைகளை வாங்கி நடத்தியது. சகாஷியை 2008-ல் போலீசார் கைது செய்தார்கள். ஊழியர்கள் தங்களுக்குள் சேர்த்து வைத்திருந்த பரஸ்பர நிதியில் இருந்து 32 கோடி யென்னை எடுத்தார் என்பது வழக்கு. எடுத்ததை மாணவர்களுக்குத் திருப்பித் தரும் பணத்துக்குப் பயன்படுத்தினாராம்! 2009-ல் மூன்றரை வருஷ ஜெயில் தண்டனை. 2010-ல் ஐகோர்ட்டு அதை இரண்டு வருஷமாகக் குறைத்தது.

அதே 2010-ம் ஆண்டு ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய இங்கிலீஷ் பள்ளியும் திவால்.

11 கோடி கேட்ட முதலாளி

நோவா மூடிய அதே ஆண்டு டிசம்பரில் பெர்லிட்ஸ் பள்ளி வாத்தியார்கள் ஸ்டிரைக்கில் குதித்தார்கள். 4.6 சதவீத சம்பள உயர்வும் ஒரு மாத போனசும் அவர்கள் கோரிக்கை. இன்றைக்கு ஒரு பாடம், நாளைக்கு இரண்டு பாடம் என்று அங்கங்கே வெளிநடப்பு செய்தார்கள். எந்த வகுப்பு நிற்கும் என்று நிர்வாகத்துக்கே தெரியாது. 100 பேருக்கு மேல் கலந்து கொண்டார்கள். ஒரு வருஷம் பார்த்த நிர்வாகம், 'ஸ்டிரைக் சட்ட விரோதம், 11 கோடி யென் நஷ்ட ஈடு வேண்டும்' என்று கோர்ட்டுக்குப் போனது. 2012-ம் ஆண்டு பிப்ரவரியில் டோக்கியோ கோர்ட்டு அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஸ்டிரைக் சட்டப்படி சரிதான் என்பது தீர்ப்பு.

29½ மணி வித்தைக்கும் இப்போது பழைய மதிப்பு இல்லை. 2016-ம் ஆண்டு முதல் பெரிய கம்பெனிகளில் வாரத்துக்கு 20 மணி வேலை பார்த்தாலே இன்சூரன்சில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2024-ம் ஆண்டு அக்டோபரில் இருந்து 50 பேருக்கு மேல் உள்ள கம்பெனிகளுக்கும் அது பொருந்தும்.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? வாத்தியாரை ஊழியராகச் சேர்க்காமல் 'ஒப்பந்ததாரர்' என்று கையெழுத்து வாங்குகிற வழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. ஒப்பந்ததாரருக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது, வேலை போனால் உதவித் தொகை கிடையாது, இன்சூரன்ஸ் அவர் பாடு. அதே மேஜை, அதே மணி, அதே பாடம். மாணவர் வராத நேரத்துக்குக் காசு உண்டா இல்லையா என்பது மட்டும், அவரவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பொறுத்தது.