கொள்ளுக்கும் வாய் திறவாத குதிரை

‘கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும்’ என்பது குதிரையைக் குறித்து நம்மவர் வழங்கும் பழமொழி. முப்பதாண்டுகளாக அதன் பொருளை மாணவர்க்கு விரித்துரைத்து வந்த நான், கொள்ளென்றபோதும் வாய் மூடிக்கொண்ட குதிரையொன்றைச் சென்ற ஆண்டிலே கண்டேன். அதன் வரலாறு வாசகர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தேன்.

கெகல்கமு ஓயாவை மறித்த நீர்த்தேக்கமும், 1965இல் தொழிற்படத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையமும் உடையது எங்கள் நோட்டன் பிரிட்ஜ். இங்கே மழைக்கும் குறைவில்லை. மழையால் தழைக்கும் புல்லுக்கும் குறைவில்லை. அது கருதியே என் மாணவன் ஒருவனுடைய தந்தையார் நுவரெலியாவிலிருந்து இளங்குதிரையொன்றை லொறியில் ஏற்றி வந்தார். அந்நகரிலே 1875 முதலாகப் பந்தயக் குதிரைகள் ஓடிவருவதும், கிரகரி வாவிக்கரையிலே உல்லாசப் பயணிகளை மட்டக்குதிரைகள் சுமந்து திரிவதும் பலரும் அறிந்தவை. சித்திரை வசந்த காலத்திலே குழந்தைகளை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்னும் நம்பிக்கையால், மனைவியின் நகைகளை அடகு வைத்து வாங்கிய குதிரை அது.

மூன்று வயது, செம்மண் நிறம். விலாவெலும்புகளை எட்டி நின்றே எண்ணிவிடலாம். வைத்த புல்லை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “செல்லம் கொண்டாடுகிறது, ஐயா. பட்டினி போட்டால் தானே தின்னும்” என்றார் தந்தையார். புல்லறுக்கும் பொருட்டு அவர் மகன் பள்ளிக்கு வாராது நின்று இரண்டு கிழமை ஆகியிருந்தது. சாதாரண தரப் பரீட்சையோ அணித்தாக இருந்தது. பையனை அழைத்துப் போகவே லயத்துக்குச் சென்ற நான், குதிரைக்கு ஆசானாக அங்கே அமர்ந்துவிட்டேன்.

முதலில் மகாபாரதத்து நளன் கதையைச் சொன்னேன். இருதுபன்னனுடைய தேருக்கு நளன் தேர்ந்தெடுத்தவை மெலிந்த குதிரைகளே. அரசன் ஐயுற்றபோதும் அவை காற்றெனப் பறந்தன என்றேன். தந்தையார் முகம் மலர்ந்தது. பையனோ, “ஐயா, அந்தக் குதிரைகள் தீனி தின்றனவா?” என்று கேட்டான். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்து, கொள்ளை அவித்துச் சர்க்கரை கலந்து நிறைய வைக்கச் சொன்னேன். குதிரை இரண்டு வாய் தின்று நிறுத்தியது; மறுநாள் வயிற்று வலியாற் புரண்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாடு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரை வாங்கியதையும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்ததையும், சோற்றோடு இறைச்சியும் சமைத்து அவற்றுக்கு இட்டதையும் எழுதி வைத்தான். அப்பகுதியைப் படிக்குந்தோறும் நம் முன்னோரை எண்ணி நகைத்தவன் நான். அன்று நகைப்பு என்மேலே திரும்பியது.

அரசாங்க மிருக வைத்தியரை வருவித்தோம். அவர் தீனியைப் பாரார், பையனைப் பார்த்து, “தம்பி, இது தின்னும்போது நீ கண்டது என்ன?” என்று வினவினார். “மென்று மென்று உருண்டையாக்கிக் கீழே போட்டுவிடுகிறது, சேர்” என்றான் அவன். அதனை அவன் முன்பும் சொல்லியிருந்தான், நாங்கள்தாம் செவிக்கொள்ளவில்லை. வைத்தியர் வாயைத் திறந்து காட்டினார். மூன்று வயதளவிற் குதிரைக்குப் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். கடைவாயிலே விழவேண்டிய பல்லொன்று விழாமல் புதுப்பல்லின்மேல் மூடிபோற் கிடந்து ஈற்றை அறுத்திருந்தது. அதனைக் களைந்து, கூரிய பல்விளிம்புகளை அராவினார். சாணத்தைச் சோதித்துப் பூச்சி மருந்தும் கொடுத்தார்.

பின்பு நிறை காணும் வகை சொன்னார். தராசு வேண்டா; ஒரு நாடா போதும். மார்பின் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோகிராமில் ஏறத்தாழ நிறை வரும். சுற்றளவு 140, நீளம் 145. பையன் சுவரிற் கரியால் கணக்கிட்டு 239 என்றான். நாளொன்றுக்கு உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கேனும் உலர்ந்த தீனி வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. ஆகவே இருபத்துநான்கு கிலோ புல் தேவை. குதிரையின் இரைப்பை உடலை நோக்கச் சிறிது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேயும் பிராணி அது. பட்டினி போடுவதும் ஒரே வேளையில் திணிப்பதும் அதற்குத் தீங்கு. எத்தீனியையும் ஒரு வாரம் பத்து நாளாக மெல்ல மெல்லவே மாற்றவேண்டும். சில புற்களிலுள்ள ஒக்சலேற்று கல்சியத்தைப் பிணித்துவிடுமாதலால், அதனை ஈடுசெய்யும் தாதுப்பொடியும் எழுதித் தந்தார்.

“கொள்ளு தசைக்கு நல்லது, பண்டிதர் ஐயா. நிறை ஏற எண்ணெயே வேண்டும், ஒரு கரண்டியில் தொடங்குங்கள்” என்றார். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்னும் முதுமொழி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. எள்ளெண்ணெய்க்கு வழியில்லை, தேங்காயெண்ணெய் உதவிற்று. இரண்டு வாரத்திற் குதிரை தொட்டியை நக்கி முடித்தது. மூன்று மாதத்திற் சுற்றளவு 149, நீளம் 146. நிறை 273 ஆயிற்று.

ஆயினும் வைத்தியர் கடைசியாகச் சொன்ன சொல் கசந்தது. “நிறை ஏறினாலும் எலும்பு முதிரவில்லை. இந்தச் சித்திரைக்கு ஆளேற்ற வேண்டாம்.” வட்டி ஒருபுறம், வாயில்லாச் சீவன் ஒருபுறம். தந்தையார் அன்றிரவு முழுதும் தொழுவத்து வாயிலில் அமர்ந்திருந்தாராம். விடிந்ததும் சேணத்தை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். அவ்வாண்டு வருவாயை இழந்து, மரக்கறித் தோட்டத்திற் கூலிவேலை செய்தே வட்டி கட்டினார். நகை இன்னும் மீளவில்லை.

பையன் பள்ளிக்குத் திரும்பினான். வகுப்பிலே வாய் திறவாத மாணவர் சிலரை ‘மந்தம்’ என்று நான் குறித்து வைத்திருந்த ஏடொன்று உண்டு. அதனை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையாய் அருகழைத்து, என்ன நோகிறதென்று இப்போது கேட்டு வருகிறேன்.